சொல்லாமல் விட்ட பாதி வாக்கியம்

அந்தத் தாளை அண்ணன் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பையின் பொத்தானையும் போட்டுக்கொண்டார். கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையின் ஈரல் நோய்ப் பிரிவு அது. நடைபாதை நெடுக இரும்பு நாற்காலிகள், எதிரே எண்கள் மாறிக்கொண்டிருக்கும் பலகை. தாளில் இருந்த அத்தனை எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நடுவே அவருக்கு வேண்டியிருந்தவை இரண்டே சொற்கள்: நாட் டிடெக்டட். ரத்தத்தில் கிருமியைத் தேடினோம், தென்படவில்லை என்று பொருள். மூன்று வருடங்களாக ஒரு நாள்கூடத் தவறாமல் விழுங்கிய மாத்திரைக்குக் கிடைத்த பதில். அண்ணன் அதிகம் சிரிக்கிறவர் இல்லை. சட்டைப்பையை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "வா பாப்பா, பசிக்குது," என்றார். மருத்துவமனைக்குள் நுழைந்தால் வெளியே வரும்வரை பச்சைத் தண்ணீர்கூட இறங்காத மனிதர். அவர் அங்கே நின்று பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் போனோம். பரிசோதனை நாள்களில் அதுதான் எங்கள் வழக்கம். அவர் சாலாக் செலாத்தானில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், நான் கோமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு மணி நேரம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவோம். அன்று அண்ணன் இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கினார். இலையை மடித்து, கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"டாக்டர் கடைசியா இங்கிலீசுல என்னமோ நீட்டிச் சொன்னாரே, என்னா அது?"

அண்ணனுக்கு மலாய் நன்றாக வரும். ஆங்கிலம் வேலைக்கு வேண்டிய அளவுதான். யாராவது வேகமாகப் பேசினால் பாதியில் விட்டுவிடுவார். அதற்காகத்தான் நான் கூடப் போவது. மருத்துவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் வரி பிசகாமல் சொல்ல முடியும். "கிருமி இப்போது தென்படவில்லை, அது மிக நல்ல செய்தி. ஆனால் இவருடைய ஈரலில் ஏற்கெனவே தழும்பு விழுந்திருக்கிறது. மாத்திரை புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும், அறவே இல்லாமல் ஆக்காது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது."

நான் அண்ணனிடம் சொன்னது இவ்வளவுதான்: "வைரஸ் இல்லண்ணே. மருந்து நல்லா வேலை செய்யுது. இனிமே பயமில்ல. ஸ்கேனுக்கு மட்டும் எப்பவும்போல வரச் சொன்னாரு."

நான் கிள்ளானில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தமிழ் மட்டும் தெரிந்த சாட்சி சொல்வதை மலாய்க்கும், வழக்கறிஞர் கேட்பதைத் தமிழுக்கும் மாற்றிச் சொல்வது என் தொழில். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்துத்தான் அந்த இடத்தில் நிற்கிறேன். ‘அடித்தேன், ஆனால் முதலில் கத்தியை எடுத்தது அவன்தான்’ என்று ஒருவன் சொல்லும்போது, அந்த ‘ஆனாலு’க்கு முன்னால் நான் நிறுத்திவிட்டால் அவன் கதி என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அன்று சாப்பாட்டுக் கடையில் ஆனாலுக்குப் பிறகு வந்ததை நான் விழுங்கினேன். பல மாதங்களாகப் பார்க்காத ஒரு தெளிவு அவர் முகத்தில் இருந்தது, அது அந்த மத்தியானம் முடியும்வரையாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அதே மாத்திரையைத்தான் நானும் விழுங்கிக்கொண்டிருந்தேன். பயமில்லை என்ற சொல் அந்த மேசையில் இரண்டு பேருக்குத் தேவைப்பட்டது.

எங்கள் இருவருக்கும் இது அம்மாவிடமிருந்து வந்தது. பந்திங் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அம்மா உரம் போடும் வேலை பார்த்தார். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அவருக்கு வயிறு வீங்கியது, கண் மஞ்சளாகியது. காமாலை என்று யாரோ அரைத்துக் கொடுத்ததைக் குடித்தார். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், மூன்றே வாரத்தில் போய்விட்டார். ஈரல் கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். ஏன் கெட்டது என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. குடிக்காத பொம்பளைக்கு ஈரல் எப்படிக் கெடும் என்று தோட்டத்தில் சிலர் எங்கள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அப்பா அதற்கு முன்பே இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன் என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குப் போய், லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். நான் படித்து முடிக்கும்வரை மாதம் ஒரு சனிக்கிழமை, கையில் கிரீஸ் கறையோடு சித்தி வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

பதினைந்து வருடம் கழித்து நான் கருவுற்றிருந்தபோது, வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. தாதி ஒருவர் பொறுமையாக விளக்கினார். பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு வருவது, வெளியே எதுவும் காட்டாமல் பல வருடங்கள் ஈரலில் இருப்பது, கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் உடனே வரச்சொல்லுங்கள் என்றார். அம்மா எதனால் இறந்தார் என்று அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. என் மகள் பிறந்த அன்றே அவளுக்கு ஊசி போட்டார்கள், அவள் தப்பிவிட்டாள். அண்ணனைத்தான் இழுத்து வரப் பெரும்பாடாகிவிட்டது. "எனக்கென்னா, நான் நல்லாத்தானே இருக்கேன் லா," என்று ஒரு மாதம் கடத்தினார். கடைசியில் அண்ணி அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து ஒளித்துவைத்த பிறகுதான் வந்தார். அவருக்கும் இருந்தது. ஈரலில் தழும்பும் விழுந்திருந்தது. அண்ணிக்குத் தொற்றவில்லை, தடுப்பூசி போட்டார்கள். அண்ணனுக்கு உடனே மாத்திரையைத் தொடங்கினார்கள், எனக்கு அடுத்த வருடம்.

மாத்திரை விஷயத்தில் அவரைப்போல ஒழுங்கான நோயாளியை எந்த மருத்துவரும் பார்த்திருக்க மாட்டார். விடியற்காலை ஐந்தரைக்கு, வெறும் வயிற்றில், நின்றுகொண்டே விழுங்குவார். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிட மாட்டார். இவ்வளவு ஒழுங்கையும் யாருக்கும் தெரியாமல் நடத்தினார். ஈரல் என்றாலே குடி என்று ஊர் முடிவு கட்டிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. ஒரு சொட்டு பீர்கூடத் தொடாதவர், நிறுவனத்தில் யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகப் பரிசோதனைக்குப் போகும் நாள்களில் பல் வலி என்று சொல்லி விடுப்பு எடுப்பார். "எனக்கு முப்பத்திரண்டு பல்லும் இந்நேரம் கொட்டியிருக்கணும் பாப்பா," என்று ஒரு தடவை சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஸ்கேனையும் அந்த வருடங்களில் ஒரு முறைகூட விட்டதில்லை. அவருடைய வேலையே அவரைத் தயார்ப்படுத்தியிருந்தது என்று நினைத்துக்கொள்வேன். "நின்னுபோன லிப்ட எல்லாரும் பாப்பாங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது பாக்கத்தான் எனக்குச் சம்பளம்," என்பார்.

வருடங்கள் போயின. ஒவ்வொரு முறையும் அதே இரண்டு சொற்கள். நீதிமன்றத்தில் எனக்கு வேலை கூடியது, மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். அண்ணனோடு போவதை முதலில் ஒரு தடவை விட்டேன், பிறகு முழுக்க நிறுத்திக்கொண்டேன். போனில் கேட்டால், "எல்லாம் ஓகே பாப்பா, சேம் சேம்," என்பார். நானும் அதைக் கேட்கத்தான் போன் செய்தேன். வேறு எதையும் கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் கிள்ளானுக்கு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு கவளத்தில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். கை கழுவ எழுந்தபோது கவனித்தேன். இடுப்பு வாரில் புதிதாக ஆணியால் ஓர் ஓட்டை போட்டிருந்தார். வலது தோளை அடிக்கடி அழுத்திப் பிடித்துவிட்டுக்கொண்டார். "லிப்ட் கதவத் தூக்கினேன், பிடிச்சுக்கிச்சு," என்றார்.

"கடைசி ஸ்கேன் எப்பண்ணே?" என்று கேட்டேன். நீர்க்குவளையை மேசைமேல் வைத்துவிட்டேன்.

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "போன வருசம்… இல்ல, அதுக்கு முந்தின வருசக் கடைசியிலன்னு நினைக்கிறேன்." அண்ணியைப் பார்த்தார். அண்ணி தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலையே அவரை அழைத்துக்கொண்டு போனேன். ஸ்கேன், பிறகு இன்னொரு ஸ்கேன், மறுபடி அதே இரும்பு நாற்காலிகள். ஈரலின் வலது பக்கம் ஓர் ஆரஞ்சுப் பழ அளவுக்குக் கட்டி இருந்தது, பெரிய ரத்தக்குழாய்க்குள்ளும் நீண்டிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்ய முடியாத நிலை. மருத்துவர் புதியவர், இளைஞர், மலாயிலேயே பேசினார். அண்ணன் முழுதும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வியை அவரும் மலாயிலேயே கேட்டார். "டாக்டர், எனக்கு வைரஸ்தான் இல்லையே?"

மருத்துவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். அன்று எடுத்த ரத்தத்திலும் கிருமி இல்லை. மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, இத்தனை வருடம் ஈரல் தாக்குப்பிடித்ததே அதனால்தான் என்றார். ஆனால் மாத்திரை தொடங்குவதற்கு முன் முப்பது வருடத்துக்கு மேல் கிருமி அங்கே இருந்திருக்கிறது, அந்தப் பழைய சேதத்திலிருந்து சிலருக்கு இப்படி வருவதுண்டு, அதற்காகத்தான் ஸ்கேன். அவர் சொன்னதெல்லாம் அண்ணனுக்கு நன்றாகப் புரியும் மலாய். ஆனாலும் அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடமும் ஆங்கிலத்தில் ஏதாவது விளங்காதபோது எப்படிப் பார்ப்பாரோ, அதே பார்வை. நான் மொழிபெயர்க்கக் காத்திருந்தார் என்றே தோன்றியது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்துப் பார்த்தார்கள், புது மருந்துகள் கொடுத்தார்கள், அவற்றால் உள்ளங்கை உரிந்து சிவந்தது. கிருமிக்கான பழைய மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார்கள். கடைசி வாரம்வரை ஐந்தரைக்கு அண்ணி எழுப்பிக் கொடுத்தார், அவர் எழுந்து நிற்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே விழுங்கினார். வார்டில் படுத்திருக்கும்போதுகூட லிப்ட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "மூணாவது லிப்ட் நிக்கும்போது ஒரு உலுக்கு இருக்கு. சர்வீஸ்காரன் வந்தா பாக்கச் சொல்லு," என்றார். கீழே இருந்த காவலாளியிடம் போய்ச் சொன்னேன். அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன்.

ஒரே ஒரு முறை அவரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மாலை நான்கு மணி இருக்கும். அண்ணி தேநீர் வாங்கக் கீழே போயிருந்தார். "அண்ணே, அன்னிக்குப் பிரிக்பீல்ட்ஸ்ல, டாக்டர் சொன்னதுன்னு நான் சொன்னேன்ல…" என்று தொடங்கினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "அந்தத் திரைய இழுத்துவிடு பாப்பா, வெயில் மூஞ்சில அடிக்குது," என்றார். எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். தொடர முடியவில்லை. அவருக்குக் காது கேட்டதா, கேட்டும் வேண்டாமென்று விட்டாரா, எனக்குத் தெரியாது. பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு முற்பகலில், அண்ணியும் நானும் இரண்டு பக்கமும் இருக்கும்போது அவர் மூச்சு நின்றது.

அவர் போன பிறகு வேலையில் எனக்கு ஒரு கோளாறு வந்தது. சாட்சிக் கூண்டில் நிற்பவர் ‘ஆனால்’ என்று சொன்னதும் என் நாக்கு நின்றுவிடும். அடுத்து வருவது முழுக்கக் காதில் விழும், மனத்தில் மொழிபெயர்ப்பும் தயாராக இருக்கும், ஆனாலும் ஒரு கணம் குரல் எழும்பாது. ஒரு நாள் நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டுச் சமாளித்தேன். என் சொந்த ஸ்கேன் தேதி நெருங்கும் வாரங்களில் இது அதிகமாகும். என் பரிசோதனைத் தாளிலும் எப்போதும் அந்த இரண்டு சொற்கள்தான். முன்பு அவற்றைப் பார்த்தால் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். இப்போது அவற்றை நான் படிப்பதே இல்லை.

ஒரு வருடம் கழித்து, சாலாக் செலாத்தான் வீட்டில் அண்ணியோடு உட்கார்ந்து அண்ணனின் பத்திரங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அந்த வீட்டில் அண்ணி தனியாகத்தான் இருந்தார். அடியில் மருத்துவமனையின் ஸ்கேன் தேதி அட்டை கிடந்தது. வரிசையாகத் தேதிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் முத்திரை. கடைசிப் பக்கத்தில் ஒரு தேதிக்கு முத்திரை இல்லை. அதன் கீழே, மூன்று வாரம் தள்ளி ஒரு தேதி எழுதி, அதை அடித்திருந்தது. அதற்கும் கீழே ஏழு மாதம் கழித்து ஒரு தேதி. அதற்கும் முத்திரை இல்லை.

அட்டையை அண்ணியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"அந்த வாரம் அவருக்குப் புது அடுக்குமாடியில லிப்ட் சோதிக்க அதிகாரிங்க வராங்கன்னாங்க," என்றார். "போன் பண்ணி மாத்தச் சொன்னாரு. ஆஸ்பத்திரியில மூணு வாரத்துலயே வேற நாள் கொடுத்தாங்க. நான் எழுதிக்கூட வச்சேன். அவருதான் வேணாம்னாரு. அடுத்த தடவ கிளினிக்குக்குப் போறப்பவே சேத்து எடுத்துக்கலாம்னாரு. அப்புறம் அந்தத் தேதியும் வேலையில போயிடுச்சு."

"நீங்க ஒன்னும் சொல்லலையா அண்ணி?"

"சொன்னேன். டாக்டர் திட்டுவாருங்கன்னு சொன்னேன். ‘வைரஸ் இல்ல, இனிமே பயமில்லன்னு பாப்பாவே சொல்லிடுச்சு, நீ என்னா’ன்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்."

குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். அட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு, அந்த மருத்துவர் அன்று ஆங்கிலத்தில் சொன்ன நான்கு வாக்கியங்களையும், முதலிலிருந்து கடைசிவரை, நீதிமன்றத்தில் சொல்வதைப் போலவே அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். ஆனாலுக்குப் பிறகு வந்ததையும் சொன்னேன். எதைச் சொன்னேன், எதை விட்டேன், ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன்.

கீழே சாலையில் சமையல் காஸ் உருளைகளை ஏற்றிவரும் தோம்பு லோரி சத்தம் கேட்டது. அண்ணி எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"நீ முழுசா சொல்லியிருந்தா போயிருப்பாரா, எனக்குத் தெரியாது பாப்பா. போயிருக்கலாம். அதிகாரிங்க வராங்கன்னு அப்பவும் போகாம இருந்திருக்கலாம். நான் சாவிய ஒளிச்சு வச்சிருக்கலாம், மொதல்ல செஞ்ச மாதிரி. அதையும்தான் தெனம் நினைச்சுக்கிட்டு இருக்கேன்." திரும்பி என்னைப் பார்த்தார். "எனக்கு உன்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கு. நீ சாப்பிட்டுட்டுப் போ."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்சம் இருக்கு என்று சொன்னதால், அன்று பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஆனால் ரயிலில் திரும்பும்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. லிப்ட் கயிற்றில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர் அண்ணன். அவரே அந்த இரண்டு சொற்களில் மயங்கியிருக்கிறார் என்றால், நான் எந்த மூலைக்கு?

சென்ற ஆண்டு என் ஸ்கேன் கிள்ளானில். மங்கலான அறை, வயிற்றில் குளிர்ந்த களிம்பு. மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்று அந்தப் பெண் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தாள். வலது விலா எலும்புக்குக் கீழே ஓரிடத்தைத் தாண்டினாள், மறுபடி அங்கேயே வந்தாள். மூன்றாவது முறை வந்தபோது மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டாள். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்து மருத்துவரை அழைத்துவரப் போனாள். அந்தச் சில நிமிடங்கள் கூரையில் இருந்த காற்றோட்டப் பலகையின் துளைகளை எண்ணினேன், எண்ணிக்கை தவறித் தவறி முதலிலிருந்து தொடங்கினேன்.

ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும், என்னவென்று எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும் என்றார்கள். அதற்கு ஒன்பது நாள், முடிவுக்கு மேலும் ஆறு நாள். என் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. விடுப்பு எடுக்கிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்வதற்கு முன்பே அண்ணி ஒரு பையோடு கிள்ளான் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிவிட்டார். அந்தப் பதினைந்து நாளும் அவர் என்னிடம் பயப்படாதே என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சமைத்தார், துணி மடித்தார், விடியற்காலையில் நான் மாத்திரை போடும்போது எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

முடிவு சொல்லும் நாளில் மருத்துவரின் அறைக்கு இருவருமே போனோம். மருத்துவர் ஆங்கிலத்தில் பேசினார், திரையில் படத்தைக் காட்டினார். அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாது. என் முழங்கையைப் பிடித்தார்.

"என்னா சொல்றாரு? முழுசா சொல்லு."

மொழிபெயர்ப்பாளர் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்ற பழக்கம் அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது. "இவங்க ஈரல்ல இருக்கிறது கேன்சர்தான்," என்றேன். இவங்க என்றே வந்தது. "ரொம்பச் சின்னது, ஒன்னே ஒன்னுதான். மாத்திரை ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்காங்க, வைரஸ் இல்ல, அப்படியும் வந்திருக்கு. வெளியிலேர்ந்து ஊசி மாதிரி ஒன்ன உள்ள விட்டுச் சூட்டுலயே எரிச்சிடலாம். நல்லா ஆயிடுறதுக்கு வாய்ப்பு அதிகம்." நாக்கு நின்றது. அண்ணியின் விரல்கள் இறுகின. மருத்துவரும் காத்திருந்தார். "ஆனா," என்றேன், "இதே ஈரல்ல வேற எடத்துல திரும்ப வரலாம். அதனால இவங்கள விடாமப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

அண்ணி தலையை ஆட்டினார். மருத்துவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லால், "தேங்க்யூ," என்றார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் இறந்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

எரித்துவிட்டார்கள். இரண்டு நாள் காய்ச்சல், ஒரு வாரம் விலாவில் வலி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன்களில் அந்த இடத்தில் வடு மட்டும் தெரிகிறது. உறவினர்கள் போன் செய்து, "சரியாயிடுச்சுல்ல?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் பேச்சு முடியும். "இந்தத் தடவ பாத்ததுல ஒன்னும் இல்ல," என்று மட்டும் சொல்கிறேன். அது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. என் மகளுக்குப் பதினாறு வயது, அவளிடமும் அப்படித்தான் சொல்கிறேன். முதலில் கோபித்துக்கொண்டாள். இப்போது என் தேதிகளை அவளே தன் போனில் குறித்துவைத்திருக்கிறாள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின வாரம் எனக்குச் சோறு இறங்காது, வேலையில் குரல் தடுமாறும், விலாவில் இல்லாத வலியெல்லாம் வரும். முடிவு வந்ததும் நாலைந்து மாதம் மனிதர்களைப்போல வாழ்கிறேன். பிறகு மறுபடி ஆரம்பமாகிவிடும். இதோடு வாழப் பழகிக்கொண்டேன் என்று சொன்னால் பொய்.

போன மாதம் போனபோதும் அண்ணி கூட வந்திருந்தார். படம் சுத்தமாக இருந்தது. முகப்பில் இருந்த இளம்பெண் அடுத்த தேதியைக் கணினியில் பார்த்துவிட்டு என் நெற்றிப் பொட்டையும் பார்த்தாள். "அக்கா, இது தீபாவளிக்கு முதல் நாள் விழுகிறது. வேண்டுமானால் இரண்டு வாரம் தள்ளிப் போடட்டுமா?" என்று மலாயில் கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள்.

"வேண்டாம்," என்று அண்ணியும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலும். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அந்தப் பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அண்ணி அவளைச் சமாதானப்படுத்துவதுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முறுக்க அதுக்கு முந்தின வாரமே சுட்டுக்கலாம் லா," என்றார்.